பச்சை பிடிக்காத தொட்டி: மீன் கழிவு நீரில் நுண்பாசி வளர்ப்போருக்குப் பிழை நீக்கும் வழிமுறை

மீனுக்குப் போடும் தீவனத்தில் உள்ள சத்தில் பாதிக்கு மேல் மீனாக மாறுவதில்லை. 30 சதவீதப் புரதம் உள்ள ஒரு கிலோ தீவனத்தில் சுமார் 48 கிராம் நைட்ரஜன் இருக்கும். அதில் மீன் உடம்பில் சேர்வது நான்கில் ஒரு பங்கு, மிஞ்சிப்போனால் மூன்றில் ஒரு பங்கு. மீதி 30 கிராமுக்கு மேல் செவுள் வழியாக அம்மோனியாவாகவும் எச்சமாகவும் தண்ணீரில் கலந்துவிடுகிறது. உலர்ந்த நுண்பாசியில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு நைட்ரஜன். அப்படியானால் ஒரு கிலோ தீவனத்தின் கழிவிலிருந்து காகிதக் கணக்கில் 400 கிராம் உலர் பாசி எடுக்கலாம். கைக்கு வருவது அதைவிடக் குறைவுதான். இருந்தாலும் காசு கொடுத்து வாங்கிய சத்தை வாய்க்காலில் விடாமல் மறுபடி மீன் குஞ்சுக்கும் வயலுக்கும் கொண்டுவருவது நல்ல வேலை.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் தார்ப்பாய்த் தொட்டியில் ஜிலேபி, விரால், கெண்டை வளர்ப்பவர்கள் இதைச் செய்துபார்க்கும்போது ஒரே மாதிரியான இடங்களில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அந்த இடங்களை அறிகுறி வாரியாகக் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் தொட்டியில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

எதைத் தொடுவதற்கும் முன்: காலை பிஎச், மாலை பிஎச்

பாசி வளரவில்லை என்றதும் நாம் முதலில் தேடுவது உரத்தை. நம் ஊர்த் தண்ணீரில் அது பெரும்பாலும் தப்பான தொடக்கம். இங்கே போர் தண்ணீர் கருங்கல் பாறை இடுக்கிலிருந்து வருகிறது. சுண்ணாம்புச் சத்தும் பைகார்பனேட்டும் நிறைந்த கடினத் தண்ணீர். பல ஊர்களில் ஃப்ளோரைடும் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற குடிநீர் வரம்பைத் தாண்டியிருக்கும். இந்தத் தண்ணீரில் பாசி வெயிலில் கரியமில வாயுவை உறிஞ்ச உறிஞ்ச பிஎச், அதாவது தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண், மேலே ஏறிக்கொண்டே போகும். காலையில் 7.8 காட்டிய தொட்டி மாலையில் 9.8 காட்டுவது சாதாரணம். அந்த ஏற்றம் மூன்று வேலைகளைச் செய்கிறது: அம்மோனியாவை விஷமாக்குகிறது, பாஸ்பேட்டைச் சுண்ணாம்போடு சேர்த்து அடியில் இறக்குகிறது, இரும்பைப் பாசிக்கு எட்டாமல் பூட்டிவிடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் பட்டினி கிடக்கும் பாசி மாதிரியே இருக்கும். நீங்கள் யூரியா போடுவீர்கள், நிலைமை இன்னும் மோசமாகும்.

அம்மோனியா விஷயத்தை எண்ணிலேயே பாருங்கள். 30 டிகிரி வெப்பத்தில், டெஸ்ட் கிட் காட்டும் மொத்த அம்மோனியாவில் பிஎச் 7-இல் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாகத்தான் நச்சு வடிவில் இருக்கும். பிஎச் 8-இல் ஏழெட்டுச் சதவீதம். பிஎச் 9-இல் கிட்டத்தட்ட பாதி. கழிவு நீர் அதே கழிவு நீர்தான், ஊற்றிய நேரம்தான் வேறு.

அதனால் நான் யாருக்கும் முதலில் சொல்வது இதுதான்: காலை 6 மணிக்கும் மாலை 4 மணிக்கும் பிஎச் பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். மீன் தொட்டிக்கு வைத்திருக்கும் சொட்டு மருந்து கிட் போதும். கழிவு நீரை விடியற்காலையில் மட்டும் ஊற்றுங்கள். அந்த நேரத்தில் பாசித் தொட்டியின் பிஎச் தாழ்ந்திருக்கும், மீன் மூச்சுவிட்ட கரியமில வாயுவும் கழிவு நீரோடு சேர்ந்து உள்ளே போகும். வேலை முடிந்து சாயங்காலம் வந்து ஊற்றும் பழக்கம்தான் நிறையத் தொட்டிகளைக் கொன்றிருக்கிறது.

கிட்டோடு ஒரு வெள்ளை டம்ளர், ஒரு கைலென்ஸ், ஒரு வெப்பமானி, மருந்துக் கடையில் கிடைக்கும் ஊசியில்லாத 1 மில்லி சிரிஞ்ச் இருந்தால் கீழே உள்ள எல்லாவற்றையும் செய்யலாம்.

விதை ஊற்றி மூன்று நாளாகியும் தண்ணீர் பழுப்பாகவே இருக்கிறது

வெள்ளை டம்ளரில் மொண்டு அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் கசடு தங்கி மேலே தெளிந்தால், உங்கள் பிரச்சினை வெளிச்சம். கழிவு நீரைத் தெளிய வைக்காமல் நேராக ஊற்றியிருக்கிறீர்கள். எச்சத் தூள் தண்ணீரை மறைக்கிறது, பாசிக்கு வெயில் எட்டவில்லை. ஒரு டிரம்மில் இரவு முழுக்கத் தங்க வைத்து, மேல்நீரைக் காடா துணியில் வடிகட்டி ஊற்ற வேண்டும். அடியில் தங்கும் கசடைத் தூக்கிப் போடாதீர்கள். அதிலும் பாஸ்பரஸ் இருக்கிறது. எருக்குழிக்கோ மல்பெரித் தோட்டத்துக்கோ போகட்டும்.

டம்ளரில் கசடு தங்கவில்லை, தேநீர் நிறத்தில் தெளிவாக இருக்கிறது என்றால் விதை செத்துவிட்டது. காரணத்தை இந்த வரிசையில் தேடுங்கள்.

விதை எவ்வளவு ஊற்றினீர்கள்? தொட்டியின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்காவது, முடிந்தால் ஐந்தில் ஒரு பங்கு நல்ல அடர் பச்சை விதைப்பாசி வேண்டும். ஆயிரம் லிட்டரில் ஒரு பாட்டில் ஊற்றிவிட்டுக் காத்திருந்தால் பாசிக்கு முன்னால் வேறு ஏதாவது வளரும். இருபது லிட்டர் கேனில் தொடங்கி, நூறுக்கு, பிறகு ஆயிரத்துக்கு என்று படிப்படியாக ஏற்றுங்கள்.

மீன் தொட்டியில் அண்மையில் மருந்து போட்டீர்களா? மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) பாசிக்கு நேரடி விஷம். ஃபார்மலினும் பொட்டாசியம் பர்மாங்கனேட்டும் அப்படித்தான். மருந்து போட்ட தண்ணீரைப் பாசிக்குக் கொண்டுவரவே வேண்டாம்.

குழாய்த் தண்ணீர் கலந்தீர்களா? அதில் குளோரின் இருக்கும். ஒரு நாள் வெயிலில் திறந்துவைத்து ஏர் பம்ப் ஓட்டினால் போய்விடும். ஆனால் 2013-இல் வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர், ஃப்ளோரைடால் பல்லும் எலும்பும் கெட்ட ஊர்களுக்காக வந்த தண்ணீர். அதைப் பாசித் தொட்டிக்குத் திருப்புவதில் எனக்கு உடன்பாடு இல்லை. மழைநீரைப் பிடித்து வைத்துக் கலக்கலாம். கடினம் குறைவதால் பாசிக்கும் அதுதான் நல்லது.

நிழலில் வளர்ந்த விதையை நேராக உச்சி வெயிலில் ஊற்றினாலும் வெளுத்துச் சாகும். முதல் மூன்று நாள் தொட்டி மேல் நிழல்வலை கட்டுங்கள்.

பச்சை வந்தது, ஆனால் ஒரு அளவுக்கு மேல் அடர்த்தி ஏறவில்லை

அதிகம் பேர் வந்து நிற்கும் இடம் இது. அதிகக் காசு வீணாவதும் இங்கேதான்.

முதலில் ஆழம். பாசி வளர்க்கும் தண்ணீர் 20 முதல் 30 சென்டிமீட்டர் ஆழம் இருந்தால் போதும். மூன்றடித் தொட்டியில் மேல் அரையடிதான் வெயிலைக் காணும், மீதிப் பாசி இருட்டில் மூச்சுவிட்டுக்கொண்டு சம்பாதித்ததைச் செலவழிக்கும். ஆழத்தைக் குறைத்து, தண்ணீர் மேலும் கீழும் புரளும்படி ஏர் ஸ்டோனை இரவும் பகலும் ஓட்டுங்கள். இரவில் ஓடும் காற்று பிஎச்சையும் இறக்கிக் கொடுக்கும்.

அதன் பிறகும் ஏறவில்லையா? தொட்டியில் எதையும் கொட்டாதீர்கள். பாட்டில் சோதனை செய்யுங்கள்.

ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் ஆறு. ஒரே மாதிரி, ஒட்டியிருக்கும் லேபிளைக் கிழித்துவிடுங்கள். ஆறிலும் உங்கள் தொட்டிப் பாசி நீரையே ஊற்றுங்கள். முழுக்க நிரப்பாமல் கழுத்துக்கு நான்கு விரல் கீழே நிறுத்துங்கள். உரக் கரைசல்கள் மூன்று தயாராக இருக்கட்டும்: ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் 10 கிராம் யூரியா, இன்னொரு லிட்டரில் 10 கிராம் 0:52:34 (சொட்டுநீரில் தக்காளிக்கு விடும் அதே பாஸ்பேட் உரம்தான்), மூன்றாவது லிட்டரில் 5 கிராம் அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) 5 கிராம் எலுமிச்சை உப்பும் (சிட்ரிக் அமிலம்). எலுமிச்சை உப்பு இல்லாமல் அன்னபேதியை மட்டும் போட்டால் நம் கடினத் தண்ணீரில் துருவாகிக் கீழே இறங்கிவிடும், பாசிக்குக் கிடைக்காது.

முதல் பாட்டிலில் எதுவும் சேர்க்க வேண்டாம். இரண்டாவதில் 1 மில்லி யூரியாக் கரைசல். மூன்றாவதில் 1 மில்லி 0:52:34. நான்காவதில் 1 மில்லி இரும்புக் கரைசல். ஐந்தாவதில் மட்டும் பாதி பாசி நீர், பாதி மழைநீர். ஆறாவதில் கடையில் விற்கும் இனிப்பில்லாத சாதா சோடா 10 மில்லி, தினமும் காலையில் அதே அளவு. சோடாவில் இருப்பது கரியமில வாயு; பாசிக்கு அதுதான் சாப்பாட்டில் பெரும் பங்கு. எல்லாவற்றையும் நல்ல வெளிச்சமுள்ள நிழலில், நேர் வெயில் படாமல் வைத்து, நாளைக்கு மூன்று முறை குலுக்குங்கள். மூடியை இறுக்க வேண்டாம்.

மூன்று, நான்கு நாளில் பதில் தெரிந்துவிடும். காவேரிப்பட்டணம் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மோட்டார் ரூம் திண்டின் மேல் இப்படி வரிசையாக வைத்தோம். "யூரியா போட்டுப் போட்டு அலுத்துட்டேன்ணே, ஏறவே மாட்டேங்குது" என்று தோட்டக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். நான்காம் நாள் பாட்டில்களுக்குப் பின்னால் தினசரித் தாளை நிறுத்திப் பார்த்தோம். முதல் பாட்டில் வழியாகத் தலைப்புச் செய்தியை எழுத்துக்கூட்டிப் படிக்க முடிந்தது. யூரியா பாட்டிலிலும் படிக்க முடிந்தது, நிறம் இன்னும் கொஞ்சம் மஞ்சளாக இருந்தது. 0:52:34 பாட்டிலில் பெரிய எழுத்தின் நிழல் மட்டும் தெரிந்தது. சோடா பாட்டிலுக்குப் பின்னால் தாள் இருப்பதே தெரியவில்லை. அவர் குனிந்து அதையே பார்த்துவிட்டு, "இதுக்கு மூச்சுதான் முட்டியிருக்கு" என்றார். அவர் தொட்டியின் மாலை பிஎச் 10-ஐத் தொட்டுக்கொண்டிருந்தது.

பதிலைத் தொட்டிக்கு மாற்றுவது எளிது, ஏனென்றால் பாட்டிலில் 1 மில்லி என்பது ஆயிரம் லிட்டருக்கு அதே கரைசல் 1 லிட்டர். 0:52:34 பாட்டில் பச்சையானால் ஆயிரம் லிட்டருக்கு 10 கிராம் கரைத்து, விடியற்காலையில் ஊற்றுங்கள். சாயங்காலம் ஊற்றினால் சுண்ணாம்போடு சேர்ந்து அடியில்தான் போய் உட்காரும். சூப்பர் பாஸ்பேட்டும் வேலை செய்யும், இரவு ஊறவைத்துத் தெளிந்த நீரை மட்டும் எடுக்க வேண்டும். இரும்புப் பாட்டில் பச்சையானால் இரும்புக் கரைசல் ஒரு லிட்டர். யூரியா பாட்டில் பச்சையாவது மீன் கழிவில் அபூர்வம். அப்படி ஆனால் தண்ணீரைச் செலவில்லாமல் சரி செய்யலாம்: கழிவு நீரின் அளவைக் கூட்டுங்கள். மழைநீர் கலந்த பாட்டில் பச்சையானால் அம்மோனியாவோ உப்போ மிஞ்சிவிட்டது; பாதித் தண்ணீரை மாற்றுங்கள்.

சோடா பாட்டில் ஜெயித்தால் என்ன செய்வது என்பதுதான் சிக்கல். ஒரு கிலோ உலர் பாசி வளர ஏறக்குறைய 1.8 கிலோ கரியமில வாயு வேண்டும். வெல்லப்பாகில் ஈஸ்ட் போட்டு வரும் வாயுவைக் குழாயில் விடலாம் என்று சொல்கிறார்கள். ஒரு கிலோ சர்க்கரை முழுக்கப் புளித்தாலும் ஏறக்குறைய அரை கிலோ வாயுதான் வரும். ஆக ஒரு கிலோ பாசிக்குக் குறைந்தது மூன்றரைக் கிலோ சர்க்கரை. விதை கேனுக்குச் செய்யலாம், பெரிய தொட்டிக்குக் கட்டுப்படியாகாது. ஆசிட் ஊற்றுவதையும் நான் பரிந்துரைப்பதில்லை: கடினத் தண்ணீர் அதை விழுங்கிக்கொண்டே இருக்கும், தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட் சேமிப்பும் கரைந்துபோகும்.

கட்டுப்படியாகும் வழி வேறு இரண்டு. தினமும் காலையில் தொட்டியில் ஐந்தில் ஒரு பங்கு பாசி நீரை எடுத்துவிட்டு அதே அளவு புதுக் கழிவு நீர் ஊற்றுங்கள். புது நீரோடு புதுக் கரியமில வாயு வருகிறது. இரண்டாவது, கழிவு நீரைப் பழசாக்காதீர்கள். பயோஃப்ளாக் தொட்டியில் (மீன் கழிவை நுண்ணுயிர்களே தின்று திரளாக்கும் தொட்டி) நெடுநாள் கிடந்த நீரில் அம்மோனியா பெரும்பாலும் நைட்ரேட்டாக மாறியிருக்கும். பாசி அம்மோனியாவை எடுக்கும்போது பிஎச் கொஞ்சம் இறங்கும், நைட்ரேட்டை எடுக்கும்போது ஏறும். ஏற்கெனவே ஏறும் தண்ணீரில் நைட்ரேட்டும் சேர்ந்தால் இரட்டை ஏற்றம்.

தொட்டிச் சுவரில் வெள்ளைப் படிவு, அடியில் பச்சை வண்டல்

சுண்ணாம்பு இறங்குகிறது, பாசியையும் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்குகிறது. மாலை பிஎச் 10 தாண்டியிருக்கும். வெயில் காலத்தில் ஆவியாவதை ஈடுகட்டப் போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு வாரமும் உப்பு கூடும். மழைநீர் ஊற்றுங்கள், இல்லாவிட்டால் மாதம் ஒரு முறை தொட்டியை முழுக்க இறக்கிக் கழுவுங்கள்.

அறுவடைக்கு மட்டும் இதே நிகழ்வு உதவும். அன்று மதியம் ஏர் பம்பை நிறுத்திவிட்டால் பாசி தானாகத் திரண்டு அடியில் உட்காரும்.

நேற்றுப் பச்சை, இன்று காலையில் தெளிந்த தண்ணீர்

யாரோ தின்றுவிட்டார்கள். டம்ளரில் மொண்டு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் கைலென்ஸில் பாருங்கள். குதித்துக் குதித்து நீந்தும் வெள்ளைப் புள்ளிகள் மொய்னா, டாஃப்னியா வகைத் தண்ணீர்ப்பூச்சி. இன்னும் சின்னதாக, சுழன்றபடி நகர்ந்தால் ரோட்டிஃபர்.

மொய்னா வந்தால் வருத்தப்பட வேண்டாம். விரால் குஞ்சுக்கும் கெண்டைக் குஞ்சுக்கும் அதைவிட நல்ல உயிர்த்தீவனம் கிடைப்பது கடினம். ஸ்கிரீன் பிரின்டிங் துணியில் வடித்து நேராகக் குஞ்சுத் தொட்டிக்குக் கொடுங்கள். நுண்பாசியை வடிகட்டிக் காயவைத்துத் தூளாக்குவதைவிட, மொய்னாவை மேயவிட்டு மொய்னாவை அறுவடை செய்வது நம் அளவிலான ஆட்களுக்கு நல்ல வழி என்பது என் கருத்து. பாசித் தொட்டி ஒன்று, மேய்ச்சல் தொட்டி ஒன்று எனப் பிரித்துவிடுங்கள். கை, வாளி, துணி எதுவும் மேய்ச்சல் தொட்டியிலிருந்து பாசித் தொட்டிக்குப் போகக் கூடாது.

ரோட்டிஃபர் பிடித்த தொட்டியில் மறுபடி விதை ஊற்றுவது வீண். முட்டைகள் சுவரில் ஒட்டியிருக்கும். தண்ணீரை இறக்கி, பிளீச்சிங் பவுடர் கரைசலால் தேய்த்துக் கழுவி, தார்ப்பாயை இரண்டு நாள் வெயிலில் மொறுமொறுவென்று காயவிட்டுத் தொடங்குங்கள். இதற்காகத்தான் எப்போதும் இரண்டு கேன் விதைப்பாசி தனியாக, மூடி, நிழலில் இருக்க வேண்டும். அது இருந்தால் எந்தத் தொட்டி செத்தாலும் இரண்டு வாரத்தில் எழுந்துவிடலாம்.

பச்சைப் பெயின்ட் கொட்டியது போல மேலே ஆடை படர்கிறது

இந்த ஒரு அறிகுறிக்குத் தயங்கவே வேண்டாம். நீலப்பச்சை நுண்ணுயிர், அதிலும் மைக்ரோசிஸ்டிஸ் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். அதன் சில வகைகள் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சை உண்டாக்கும். ஆடு, மாடு, நாய் குடிக்காமல் முதலில் தொட்டியை மூடுங்கள். மீனுக்கும் கோழிக்கும் அந்தப் பாசியைக் கொடுக்கக் கூடாது. கிணறு, ஏரி, ஓடைப் பக்கம் திறந்துவிடவும் கூடாது. தூரத்தில் குழி வெட்டி மண்ணில் இறக்குங்கள். கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது.

அசையாத தண்ணீர், கோடை வெப்பம், கழிவில் பாஸ்பரஸ் மிஞ்சுவது மூன்றும் சேர்ந்தால் இது வரும். அடுத்த முறை ஏர் பம்ப் நிற்காமல் ஓட வேண்டும், கசடைத் தெளியவைத்துப் பிரித்திருக்க வேண்டும். மின்வெட்டு உள்ள ஊரில் பேட்டரி பம்ப் ஒன்று வாங்கிவைப்பது செலவில்லை. என்ன இனம் என்று சந்தேகமாக இருந்தால் பாரூரில் உள்ள மீன்வளப் பல்கலைக்கழக மையத்தில் மாதிரியைக் கொண்டுபோய்க் கேளுங்கள். நுண்ணோக்கியில் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பச்சைக்குப் பதிலாகப் பொன் பழுப்பு

பயப்பட வேண்டாம். வெள்ளைத் துணியில் கொஞ்சம் வடியுங்கள். வழுவழுப்பான பொன்னிறப் படலம் தங்கி, கெட்ட வாடை இல்லாமல் இருந்தால் அது டயட்டம் என்ற பாசி வகை. பாறை நீரில் சிலிக்கா இருப்பதால் நம் பக்கம் தானாகவே வரும். மீன் குஞ்சுக்கு நல்ல உணவு. சொரசொரப்பாக, சாக்கடை வாடையோடு தங்கினால் அது செத்த பாசியும் எச்சமும். பழுப்புத் தண்ணீர்ப் பகுதிக்குத் திரும்புங்கள்.

நுரை

ஏர் ஸ்டோன் மேல் வெள்ளை நுரை கொஞ்சம் நின்று உடைந்தால் கவலையில்லை. பழுப்பு நுரை உடையாமல் கெட்டியாகத் தங்கினால் புரதம் மிஞ்சியிருக்கிறது: தீவனம் அதிகம், அல்லது பாசி சாகத் தொடங்கிவிட்டது. நுரையை அள்ளி வெளியே போட்டு, இரண்டு நாள் கழிவு நீர் ஊற்றுவதை நிறுத்துங்கள். ஓசூர் கெலவரப்பள்ளி அணையிலிருந்து தென்பெண்ணையில் மலை மலையாக வரும் நுரை இதோடு சேர்ந்ததல்ல. அது பெங்களூருப் பக்கத்துக் கழிவும் சோப்பும் கலந்த நீர். அந்த ஆற்று நீரைப் பாசித் தொட்டிக்குக் கொண்டுவந்தால், விளையும் பாசியில் என்னென்ன சேரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. வேண்டாம்.

அழுகிய முட்டை நாற்றம்

அடியில் கசடு தங்கிக் காற்றில்லாமல் புளிக்கிறது. கிளறிவிடாதீர்கள். கிளறினால் விஷ வாயு முழுத் தொட்டிக்கும் பரவும். மேல்நீரை வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டு அடிக் கசடைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுங்கள்.

வெயிலில் வெளுக்கிறது, குளிரில் நிற்கிறது

சித்திரை வைகாசியில் தர்மபுரி, அரூர் பக்கம் அரையடித் தண்ணீர் மதியம் 40 டிகிரியைத் தொட்டுவிடும். குளோரெல்லா என்ற பச்சை நுண்பாசி 25 முதல் 30 டிகிரியில் நன்றாக வளரும், 35-க்கு மேல் தள்ளாடும். கறுப்புத் தார்ப்பாயைத் தவிருங்கள், நிழல்வலை கட்டுங்கள். ஸ்பைருலினாவுக்கு 30 முதல் 35 வேண்டும். அதனால் ஓசூர், தளி பக்கம் மார்கழியில் அது அப்படியே நின்றுபோகும். அந்த மாதங்களில் அங்கே குளோரெல்லாவுக்கு மாறிக்கொள்வது நல்லது.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மீன் கழிவில் வளர்த்த ஸ்பைருலினாவை மனிதர் சாப்பிடவோ மாத்திரையாக விற்கவோ கூடாது. எச்சத்தில் வரும் கிருமிகள் ஒரு பக்கம், ஆவியாகி ஆவியாகிச் சேரும் ஃப்ளோரைடு இன்னொரு பக்கம். மீனுக்கு, மொய்னாவுக்கு, வயலுக்கு. அவ்வளவுதான்.

கடலோரத்திலிருந்து வாங்கிவந்த விதை ஒரே நாளில் செத்தது

இறால் பொரிப்பகங்களில் வளர்க்கும் கீட்டோசெரஸ், நானோகுளோரோப்சிஸ் போன்றவை உப்பு நீர்ப் பாசிகள். நம் நன்னீரை அவை தாங்காது. இறால் பண்ணைக் கழிவில் பாசி வளர்க்கும் முறைகள் எல்லாம் கடலோரத்துக்கு உரியவை. அங்கே கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் 2005 முதல் இருக்கிறது, கழிவு நீரைச் சுத்திகரித்து விடுவதற்கான விதிமுறைகளும் இருக்கின்றன. அந்த உப்புக் கழிவை லாரியில் ஏற்றி இங்கே கொண்டுவரும் யோசனையை யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். நிலத்தில் இறங்கிய உப்பு கிணற்றை விட்டுப் போகாது. வெள்ளைப்புள்ளி போன்ற இறால் நோய்க் கிருமிகளும் கூடவே வரும். இங்கே வேண்டிய விதை நன்னீர் குளோரெல்லா, செனடெஸ்மஸ். நல்ல ஏரியின் பச்சைத் தண்ணீரைத் துணியில் மூன்று முறை வடித்துக்கூட விதை எடுக்கலாம், பொறுமை வேண்டும்.

துணியில் வடிகட்டினால் பாசி எல்லாம் ஓடிவிடுகிறது

ஓடத்தான் செய்யும். குளோரெல்லாவின் அளவு 2 முதல் 10 மைக்ரான். எந்தத் துணியும் பிடிக்காது. ஸ்பைருலினா சுருள் இழையாக இருப்பதால் மட்டும்தான் துணியில் தங்குகிறது. குளோரெல்லாவைத் திரளவைத்துத்தான் எடுக்க வேண்டும். படிகாரம் போட்டால் திரளும், ஆனால் அலுமினியம் பாசியோடு சேரும். வயலுக்கு என்றாலும் எனக்கு ஒப்புதல் இல்லை. இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் தீவனப் பாசிக்கு ஏற்றது. செலவே வேண்டாம் என்றால் மேலே சொன்ன மாதிரி மாலை பிஎச்சை ஏறவிட்டு ஏர் பம்பை நிறுத்துங்கள். அதையும் விட எளிது, திரட்டாமல் பச்சைத் தண்ணீராகவே ஜிலேபித் தொட்டிக்கும் மொய்னாத் தொட்டிக்கும் விடுவது.

பாசி நீரை மீன் தொட்டிக்குத் திருப்பிவிட்டதும் மீன் மேலே வந்து வாய் பிளக்கிறது

நேரத்தைப் பாருங்கள். விடியற்காலை என்றால் ஆக்சிஜன் குறைவு: இரவெல்லாம் பாசியும் மூச்சுவிட்டிருக்கிறது. மாலை என்றால் பிஎச். மீன் தொட்டியில் மொத்த அம்மோனியா லிட்டருக்கு 2 மில்லிகிராம், பிஎச் 7.5 என்று வையுங்கள். நச்சு அம்மோனியா 0.05 மில்லிகிராம், மீன் தாங்கும் எல்லையில் நிற்கிறது. பிஎச் 9.8 உள்ள பாசி நீரைக் கொட்டி, கலந்த தண்ணீர் 8.5-க்கு ஏறினால் அதே அம்மோனியா 0.4 மில்லிகிராம் நஞ்சாக மாறும். எட்டு மடங்கு.

திருப்பிவிடும் நேரம் காலை 9 முதல் 10 மணி. அப்போது ஆக்சிஜன் ஏறியிருக்கும், பிஎச் இன்னும் ஏறியிருக்காது. ஒரு நாளைக்கு மீன் தொட்டிக் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். மீன் ஏற்கெனவே வாய் பிளந்துகொண்டிருந்தால் பாசி நீரை உடனே நிறுத்தி, இருக்கும் எல்லா ஏர் ஸ்டோனையும் ஓட்டி, போர் தண்ணீரைக் குழாயை உயரப் பிடித்து மழை மாதிரி விழவிடுங்கள்; நேராகக் குழாயை உள்ளே விட்டால் அந்தத் தண்ணீரிலும் ஆக்சிஜன் இருக்காது. அன்றைக்குத் தீவனம் கிடையாது. மறுநாள் காலை அம்மோனியாவும் பிஎச்சும் பார்த்த பிறகு பாதி அளவில் தொடங்குங்கள்.